ஆப்டிமஸை லைட் பாக்ஸ்ல நிக்க வெச்சுப் பாத்தப்ப

முதல்லயே சொல்லிர்றேன், என்ற கிட்ட இருக்கற இந்த ஆப்டிமஸ் பிரைம் பொம்மை, அதான் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்துல லாரியா மாறற ரோபோ, ஒரிஜினல் கெடையாதுங்க. பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ 2018ல ஸ்டூடியோ சீரிஸ்னு ஒரு வரிசை ஆரம்பிச்சாங்க, அதுல 05ம் நம்பரா வந்த ஆப்டிமஸ் பிரைமை அளவு பெருசாக்கி எவனோ அடிச்சு விட்ட காப்பி. ஒரிஜினல் வாயேஜர்ங்கற நடுத்தர சைஸு, ஏழு இஞ்ச் சுமாருக்கு வரும், இது ஒன்பதரை இஞ்ச். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு கடைல டப்பா நசுங்கிக் கெடந்ததால வெலையக் கொறச்சுக் குடுத்தாங்க. முட்டி ரெண்டும் லொட லொடன்னு ஆடுது, இடுப்பு தொட்டா மடங்குது, முன்னங்கை உள்பக்கம் வெறும் ஓடு, நீலம் பாத்தீங்கன்னா பிளாஸ்டிக் கொடத்து நீலம். ஆனா முகத்தோட அச்சு மட்டும் சுத்தமா விழுந்திருந்துச்சு. முகம் மழுங்கி இருந்தா நீங்க என்ன பண்ணுனாலும் தேறாது, மத்ததெல்லாம் பட்டறை வேலைதான், அதனால எடுத்துட்டு வந்துட்டேன்.

இந்த வேலைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். திருப்பூர்ல டையிங் யூனிட் லேப்ல ஷேடு பாக்கறதுதான் என்ற சோலி. பையர் ஒரு துணி பிட்டு அனுப்புவான், அதான் ஸ்டாண்டர்டு, நாம லேப்ல சாயம் போட்ட சாம்பிள் (லேப் டிப்) அதுக்கு ஒத்து வருதான்னு லைட் பாக்ஸ்ல டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை டியூப்லைட்டு), மஞ்ச பல்புன்னு மாத்தி மாத்திப் பாக்கணும். ஒரு லைட்ல ஒண்ணா இருக்கறது இன்னொரு லைட்ல பிரிஞ்சு நிக்கும், மெட்டமெரிசம்னு ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். இதுலயே பொழுது போறவனுக்கு பொம்மை சேக்கறவங்க ‘ஸ்க்ரீன் அக்யூரேட், ஸ்க்ரீன் அக்யூரேட்’னு, அதாவது திரைல வர்ற மாதிரியே இருக்கணும்னு, பேசறதக் கேட்டா மொத கேள்வி இதான் வருது: ஸ்டாண்டர்டு எதுங்க?

ஏன்னா 2007ல வந்த முதல் படத்துல ஆப்டிமஸ் ராத்திரில சந்துக்குள்ள வந்து தன்னய அறிமுகப்படுத்திக்குவாப்ல, அங்க நீலம் கிட்டத்தட்ட கருப்பு. அதே படத்துல ஹைவேல போன்க்ரஷர்ங்கற வில்லன் ரோபோகூட மல்லுக்கட்டறப்ப வெயில் அடிக்குது, நீலம் நீலமாத் தெரியுது, சில்வர் பளபளங்குது. 2009ல ரெண்டாவது படத்துல காட்டுக்குள்ள நடக்கற சண்டைல மரத்துப் பச்சை பூராம் ஒடம்புல ஏறிக்குது. மூணும் ஒரே ஆளுதான். அதனால நான் ஹைவே சீனத்தான் எடுத்துக்கிட்டேன், அதுல ஒரு ஃப்ரேம நிறுத்தி அதான் ஸ்டாண்டர்டுன்னு முடிவு பண்ணிட்டேன். எதாச்சும் ஒண்ண முடிவு பண்ணாம பெயிண்ட் டப்பாவத் தொறந்தா வருசம் பூரா நீலம் கலக்கிட்டே இருக்கலாம்.

இதுல நம்ம தொழில்காரங்களுக்கு ஒரு சவுரியம் இருக்குதுங்க. டிவி, மானிட்டர் எல்லாத்துக்கும் வெள்ளைக்குன்னு வெச்சிருக்கற அளவும் அதே டி65தான். கடைல கண்ணப் பறிக்கறதுக்குன்னு வெச்சிருப்பாங்கல்ல, விவிட் மோடு, அத ஆஃப் பண்ணி சினிமா மோடுல போட்டீங்கன்னா வெள்ளை ஓரளவு டி65 கிட்ட வந்துரும், அப்பறம் பொம்மை மேல டி65 டியூப்ப எரிய விட்டு ஒட்டுக்கா வெச்சுப் பாத்தா கம்பேரிசனுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். மஞ்ச பல்புக்கு அடில பொம்மைய நிறுத்திட்டு செல்போன்ல விவிட் மோடுல படத்த வெச்சுக்கிட்டு ‘கலர் தப்பு’ன்னு சண்ட போடறவங்களப் பாத்தா எனக்கு பையர் மெயில்தான் ஞாபகம் வருது.

அக்யூரசிங்கற சண்டை இன்னிக்கு நேத்து வந்ததில்ல. 1984ல ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆரம்பிச்சப்ப பொம்மைகள புதுசா ஒண்ணும் அச்சு போடல, ஜப்பான்ல தகாரா கம்பெனி வித்துட்டு இருந்த டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் பொம்மைகள எடுத்துத்தான் ஹாஸ்ப்ரோ பேரு வெச்சு வித்தாங்க. டயாக்ளோன்ல வண்டிய ஓட்டறதுக்குன்னு குட்டி குட்டி ஆளுங்க உண்டு. அந்த வழில வந்த அயர்ன்ஹைட், ராட்செட் ரெண்டு பேருக்கும் பொம்மைல தலையே கெடையாது, சீட்டு மேல ஒரு மூஞ்சி ஸ்டிக்கர்தான். கார்ட்டூன்ல பாத்தா அம்சமா தலையோட நிப்பாங்க. அந்தக் காலத்துப் பசங்க எத்தன பேரு டப்பாவத் தொறந்து பாத்துட்டு தலையத் தேடியிருப்பாங்களோ! அந்தக் கொறையத் தீக்கறதுக்குத்தான் பின்னாடி வந்ததெல்லாம்னு வெச்சுக்கலாம், 2003ல மாஸ்டர்பீஸ் வரிசை, 2021ல ஸ்டூடியோ சீரிஸ்லயே 1986 கார்ட்டூன் படத்துக்குன்னு தனிக் கிளை.

ஆனா சினிமா பொம்மைக்கு கார்ட்டூன் பொம்மைய விட கஷ்டம் எச்சா. கார்ட்டூன்ல ஆப்டிமஸ் நாலு பொட்டி, ரெண்டு ஜன்னல், கலர் தட்டையா இருக்கும். 2007 படத்து ஆப்டிமஸோட கம்ப்யூட்டர் மாடல்ல மட்டும் 10,108 உருப்படி இருக்குதுன்னு படத்துக்கு கிராஃபிக்ஸ் பண்ணுன ஐஎல்எம்காரங்களே சொல்லியிருக்காங்க. அத்தனையும் பீட்டர்பில்ட் 379 லாரிக்குள்ள மடங்கிப் போறது கம்ப்யூட்டர்ல நடக்கும், கைல நடக்காது. பொம்மைல நீங்க செய்யறது எதையெதைக் காட்டலாம், எதை விட்டா கண்ணுக்குத் தெரியாதுங்கற கணக்குதான். படத்துல ஆளு 28 அடி, அதாவது 336 இஞ்ச், என்ற பொம்மை ஒன்பதரை, ஆக சுமார் 35ல ஒரு பங்கு. பொம்மைல 1 மில்லி இடுக்கு இருந்தா நெசத்துல மூணரை சென்டிமீட்டர் ஓட்டை. இந்தக் கணக்க மனசுல வெச்சுக்கிட்டா எந்த இடுக்க அடைக்கணும், எத விட்டுரலாம்னு தெளிவாயிரும்.

என்ற வரிசை இப்புடி: முதல்ல நிக்கணும், அப்பறம் நெழல் சரியா விழணும், அப்பறம் முகம், கடைசியாத்தான் பெயிண்ட். வாங்குன அன்னிக்கே பெயிண்ட் அடிக்க உக்காந்தா முட்டியக் கழட்டறப்ப பூராம் பேந்துரும்.

முட்டில இருந்தது இரும்பு பின்னு, 2 மில்லி. இந்தப் பின்னுல ஒரு முனை வழவழன்னு இருக்கும், இன்னொரு முனைல நெளி நெளியா பல்லு போட்டிருக்கும், அந்தப் பல்லுதான் பிளாஸ்டிக்கக் கடிச்சுப் புடிச்சுக்கறது. வழவழ முனைப் பக்கம் பஞ்ச் கம்பி வெச்சுத் தட்டுனா பல்லு முனை மறுபக்கமா வெளிய வரும், மாத்தித் தட்டுனீங்கன்னா பல்லு ஓட்டைய பூராம் சீவிட்டுத்தான் வரும். எது எந்தப் பக்கம்னு தெரியறதுக்கு லென்சு வெச்சுப் பாக்கணும், பல்லு இருக்கற பக்கம் ஓட்டையச் சுத்தி லேசா வெளுத்திருக்கும். இந்தக் காப்பில கம்பெனில அடிக்கறப்பவே ஓட்டை தளந்து போய் பின்னு தானா உருண்டுட்டு இருந்துச்சு. அதனால பின்ன மாத்துனாத்தான் ஆகும்.

கோயமுத்தூர் கணபதில லேத்து பட்டறை வெச்சிருக்கற அண்ணங்கிட்ட எடுத்துட்டுப் போனேன். வெர்னியர வெச்சு அளந்து பாத்துட்டு, “ஏந் தம்பி, மோட்டார் ஷாப்டுக்கு அளவு சொல்லி வருவாங்க, நீங்க பொம்மைக் காலுக்குக் கொண்டாந்திருக்கறீங்க”ன்னு சிரிச்சாரு. “எனக்குந்தானுங்ணா சிரிப்பா இருக்குது, முட்டி நின்னாப் போதும்”னேன். இதுக்குப் போய் லேத்துல எதுக்கு ஏத்தறதுன்னுட்டு, ஒடஞ்ச 2 மில்லி ட்ரில் பிட்டோட தண்ட கிரைண்டிங் வீல்ல வெட்டி, வெட்டுன முனைய பட்டறைக் கல்லு மேல வெச்சு மேல அரத்த அமுக்கி ஒரு உருட்டு உருட்டுனாரு. அரத்தோட பல்லு தண்டுல பதிஞ்சு அந்த முனை மட்டும் 2.1க்குக் கொஞ்சம் கம்மியா உப்பிருச்சு. ட்ரில் பிட்டு தண்டுல அது பதியறதுக்கு அவரு கைப்பலம் வேணும், வீட்ல செய்யறதா இருந்தா சாதா இரும்புக் கம்பியே போதும். அத வெச்சுத் தட்டுனதுக்கப்பறம் முட்டி கிண்ணுனு நிக்குது. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, டீ மட்டும் வாங்கிக் குடுக்க விட்டாரு.

இடுப்புல இருக்கறது ராட்செட் மூட்டு. பல் சக்கரத்த ஒரு ஸ்பிரிங்கு தள்ளிப் புடிச்சுட்டு இருக்கும், காப்பில ஸ்பிரிங்கு நொந்த ஸ்பிரிங்கு. புது ஸ்பிரிங்கு தேடறத விட இருக்கறதுக்கு அடில ஒரு சின்ன வாஷர் போட்டு அழுத்தத்தக் கூட்டுனாப் போதும், டக் டக்னு சத்தமே மாறிப் போச்சு. பல்லு மேல சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு, எச்சா வேண்டாம். கழுத்து பால் ஜாயிண்டுக்கு பழைய வைத்தியம், சூப்பர் க்ளூவ பந்து மேல மெலுசா தடவி, வெளியவே ராத்திரி பூராம் காய விட்டு, 1000 நம்பர் எமரி பேப்பர்ல தேய்ச்சு மாட்டுனேன். காயறதுக்கு முன்னாடி மாட்டுனா கழுத்து ஆயுசுக்கும் திரும்பாது. இன்னொண்ணு, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் இருக்கற எடத்துக்குக் கிட்ட சூப்பர் க்ளூவக் கொண்டு போகாதீங்க, அந்த ஆவி பட்டாலே ஜன்னல் வெள்ளப் பூத்துரும்.

இதெல்லாம் முடிஞ்சு சும்மா ஷெல்ஃபுல நிறுத்துனப்பவே பாதி சினிமா வந்திருச்சுங்க. இடுப்பு கொஞ்சம் திரும்பி, ஒரு கால் முன்னாடி, தோள் சாஞ்சு நிக்கறப்ப பெயிண்டே இல்லாமயும் ஆளு யாருன்னு தெரியுது. அக்யூரசிங்கறதுல நிக்கற வாக்குக்குத்தான் நான் பெரிய மார்க்கு போடுவேன். ஈரோட்டுல ஒரு சேக்காளி மாஸ்டர்பீஸ் வரிசை ஆப்டிமஸ்ல எம்பி-10ம் எம்பி-44ம் ரெண்டும் வெச்சிருக்காப்ல, 2011ல வந்தது ஒண்ணு, 2019ல வந்தது ஒண்ணு. கார்ட்டூன நிறுத்திப் பாத்தா 44தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்ல. ஆனா 10ஐ எடுத்து லாரியாக்கி மறுக்க ஆளாக்கி கைல வெச்சு வெளையாடற சொகம் 44ல எனக்குக் கெடைக்கல. அவரு ஒத்துக்க மாட்டாரு.

அடுத்து ஓட்டை அடைக்கற வேலை. சந்தைல இதுக்குன்னே டிஎன்ஏ டிசைன் மாதிரி ஆளுங்க அப்கிரேடு கிட்டு போடறாங்க, முன்னங்கைக்கு மூடி, கால் பின்னாடி மூடி, புதுத் துப்பாக்கி, வாளுன்னு. எல்லாம் ஒரிஜினல் அளவுக்கு, என்ற பெரிய காப்பிக்கு எதுவும் உக்காராது. பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் படிக்கறான், ரெசின் பிரிண்டர் வெச்சிருக்கான், அளவெடுத்து அவன்கிட்டக் குடுத்து அடிச்சு வாங்குனேன். முன்னங்கை மூடிக்கு ரெசின் நல்லாருக்கு, வரி வரியா இல்லாம வழவழன்னு வருது. ஆனா மாட்டற முளை மட்டும் ரெசின்ல வேண்டாம், மொடக்குனு ஒடையும், அதுக்கு ஒரு துண்டு ஏபிஎஸ் பிளாஸ்டிக் குச்சிய உள்ள எறக்கி ஒட்டிட்டேன். கையில துப்பாக்கி புடிக்கற ஓட்டை இந்தப் பொம்மைகள்ல பொதுவா 5 மில்லி கணக்குதான், காப்பிக்காரன் பெருசாக்குனப்ப அதையும் சேத்துப் பெருசாக்கி வெச்சிருக்கான், அதனால கடைத் துப்பாக்கி எதுவும் நிக்காது. உள்ள ஒரு மெல்லிசான குழாய எறக்கி 5க்குக் கொண்டு வந்தாச்சு.

குதிங்காலுக்கு ஒரு நீட்டுத் துண்டும் அடிச்சிருந்தோம். மாட்டுனா மலை மாதிரி நிக்குது, அருமை. ஆனா லாரியா மடக்கறப்ப அதக் கழட்டி மேசை மேல வெக்கணும். மடக்கறப்ப கழட்டி வெக்கற சாமான் எதுவும் என்னய கேட்டா அப்கிரேடு கெடையாது, அது வேற பொம்மை. பீட்டர்பில்ட் லாரிக்குள்ள எல்லாம் அடங்கிப் போறதுதான் இந்தப் பொம்மையோட சங்கதியே. அரத்தால ராவி ராவி லாரியோட பின் சக்கரத்துக்கு நடுவுல மடங்கிப் போற அளவுக்குக் கொறச்சேன், குதிங்கால் கொஞ்சம் குட்டையாச்சு, பரவால்ல, சாயாம நிக்குது.

முகத்துக்கு வருவோம். கண்ணுக்கு லைட் பைப்பிங்னு ஒரு சங்கதி இருக்குது, கண்ணும் மண்டை பின்னாடி இருக்கற சின்ன ஜன்னலும் ஒரே நீலக் கண்ணாடிப் பிளாஸ்டிக் துண்டு, பின்னாடி வெளிச்சம் பட்டா முன்னாடி கண்ணு எரியும், பேட்டரி கெடையாது ஒண்ணுங் கெடையாது. காப்பிக்காரன் கண்ணாடித் துண்ட சரியாப் போட்டுட்டு மேல நீலப் பெயிண்ட அப்பிட்டான், பின்னாடி ஜன்னல் மேல கருப்பு. மண்டையோட திருகக் கழட்டி பல் குத்தற குச்சி நுனில ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு சொரண்டி சொரண்டி எடுத்தேன். இப்ப ஜன்னலுக்கு முதுகக் காட்டி நிறுத்துனா கண்ணு எரியுது. இத்தன வேலைல செலவே இல்லாம பலன் எச்சாக் குடுத்தது இதொண்ணுதான்.

பெயிண்டுல முதல்ல கார் டச்சப் மிக்ஸ் பண்ணித் தர்ற கடைல நீலம் கலந்து வாங்குனேன். கடை டியூப்லைட்டுல பிரிண்ட் எடுத்த ஃப்ரேமுக்கு அச்சு அசலா இருந்துச்சு, லேப்ல டி65ல வெச்சா ஊதா அடிக்குது, அதே மெட்டமெரிசம், துணியில மட்டுந்தான் வரும்னு இல்ல. அது கூட பரவால்ல, மெட்டாலிக் பெயிண்டுல இருக்கற மினுமினுப்புத் தூள் நெச லாரிக்குன்னு பண்ணுனது, 35ல ஒரு பங்கு சைஸுல அது ஒவ்வொண்ணும் கூழாங்கல்லு சைஸுக்குத் தெரியுது. பொம்மைக்கு அந்தத் தூளே வேண்டாம். மாடல் அக்ரிலிக் நீலத்துல துளி கருப்பு, துளி சில்வர் கலந்து தட்டையா ஒரு கோட்டு, அதுக்கு மேல அரை மினுக்கு கிளியர். லைட் பாக்ஸ்ல மூணு லைட்டுலயும் ஃப்ரேம் பிரிண்டோட சேந்து போச்சு, எங்க லேப்ல கூட இருக்கற பொண்ணு “பையருக்கு அனுப்பிரலாம்ணா”ன்னுச்சு.

பிளேம்தான் பெரிய வேலை. படத்துல நீல ஒடம்பு மேல செவப்பு நெருப்பு ஓடும், காப்பில முன்பக்கம் மட்டும் அச்சடிச்சுட்டு சைடுல அம்போன்னு விட்டிருந்தான். டாய்ஹேக்ஸ் மாதிரி ஸ்டிக்கர் ஷீட்டு போடறவங்க இருக்காங்க, ஆனா மடங்கற மூட்டு மேல ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கும். நான் செஞ்சது, ஃப்ரேமப் பாத்து நெருப்ப வரைஞ்சு, பைக்குக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டற கடைல குடுத்து அதே டிசைன்ல ஓட்டை வெட்டுன ஷீட்டா வாங்கிட்டேன், வலதுக்கு ஒண்ணு, திருப்பிப் போட்டு எடதுக்கு ஒண்ணு. அத ஒட்டி, ஓட்டைக்குள்ள முதல்ல சில்வர், காஞ்சப்பறம் செவப்பு, ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்தது. நீலத்து மேல நேரா செவப்ப வெச்சா கத்திரிக்காக் கலருக்குப் போயிரும், சாயக்காரனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்ல. மெல்லிசா நாலஞ்சு ஒத்து, அரைக் காச்சல்ல ஷீட்ட உரிச்சா ஓரம் கத்தி மாதிரி வருது. முழுசாக் காஞ்சப்பறம் உரிச்சா பெயிண்டும் கூடவே வந்துரும்.

இதெல்லாம் நடந்தது ஆடி மாசம். பல்லடத்துல ஆடிக் காத்துன்னா தெரியும்ல, பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து நேரா நம்ம வீட்டுக்குத்தான் வர்ற மாதிரி இருக்கும், பொடக்காலில வெச்சு ஸ்ப்ரே அடிச்சா பாதி மண்ணு. ஸ்பாஞ்சும் பிரஷும்தான் அந்த மாசத்துக்கு ஆகும், காய வெக்கறதுக்கு மூடி போட்ட பெரிய டப்பா. ஒண்ண மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, இடுக்குல கருப்பு ஓட விடறதுக்கு எனாமல் தின்னர் கலந்தத எடுக்காதீங்க, திருகு இறுக்கி அழுத்தத்துல இருக்கற ஏபிஎஸ்ல அது ஊறுனா பிளாஸ்டிக் வெடிச்சுரும். தண்ணில கரையற அக்ரிலிக் கருப்பு, துளி டிஷ் வாஷ் லிக்விட், போதும். வெள்ளையா வழுக்கற மாதிரி இருக்கற பிளாஸ்டிக் துண்டுகள் பிஓஎம், அது மேல பெயிண்டும் நிக்காது பசையும் நிக்காது, மெனக்கெடாதீங்க.

நெஞ்சு ஜன்னல நான் தொடல. கண்ணாடிப் பிளாஸ்டிக்குக்குள்ள பின்னு அடிச்சிருக்கு, அதத் தட்டி எடுத்தா விரிசல் விழறதுக்குத்தான் வாய்ப்பு எச்சா. ஃப்ரேம் ஓரத்துல மட்டும் சில்வர் கோடு இழுத்தேன்.

எல்லாம் முடிச்சு கிளியர் கோட்டு நல்லா இறுகுனப்பறம் என்ற பையங்கிட்டக் குடுத்தேன், அவன விட பெரிய க்யூசி கெடையாது. சளச்சாம லாரி, ஆளு, லாரி, ஆளுன்னு மாத்திட்டே இருந்தான். முன்னங்கை உள்பக்கமும் தோள் மடிப்புலயும் பெயிண்டு உரசி கோடு விழுந்திருச்சு. அந்த எடத்துல பெயிண்டச் சுத்தமாச் சொரண்டிட்டு வெறும் பிளாஸ்டிக்காவே விட்டுட்டேன், ஆளா நிக்கறப்ப வெளிய தெரியாத எடம், மடங்கறப்பவும் இறுக்கம் கொறஞ்சு நல்லதாப் போச்சு.

போன ஞாயித்துக் கெழமை ஈரோட்டுச் சேக்காளி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். ஷெல்ஃபுல அவரோட ஸ்டூடியோ சீரிஸ் பக்கத்துல நிறுத்திட்டு சித்த நேரம் உத்துப் பாத்தாரு. “முட்டி சூப்பருங், நிக்கறது சூப்பருங், ஆனா சில்வரு மஞ்ச அடிக்குது பாருங்”ன்னாரு. மேல பாத்தா ஹால் பூராம் வார்ம் ஒயிட் பல்பு. பொம்மைய எடுத்துட்டுப் போய் வாசத் திண்ணைல வெச்சேன், மஞ்ச போயிருச்சு. “அப்ப என்ற ஷெல்ஃபுல இருக்கறதெல்லாம்?”னு கேட்டாரு. பல்ப மாத்துங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.